குன்றிமணியும் குதிரைக் குருதியும்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. அந்நடுக்கத்துக்குக் காரணம் உண்டு என்பதை இக்காலக் கணக்கும் மெய்ப்பிக்கிறது. 2000ஆம் ஆண்டு தொடங்கி 2019ஆம் ஆண்டு முடிய, இருபது ஆண்டுகளில் இந்திய நாட்டில் பாம்புக் கடியால் உயிர் துறந்தோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என்று 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று மதிப்பிட்டது. ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 உயிர்கள். மாண்டவர்களிற் பெரும்பாலோர் நாட்டுப்புறத்து மக்கள். வயலிலும் களத்திலும் பாடுபட்டு உண்பவர்கள்.

இக்கொடுமைக்கு மருந்தே இல்லையோ என்று கேட்டால், உண்டு என்பதே விடை. நூறாண்டுக்கு மேலாகவே உண்டு. அம்மருந்து பச்சிலையிலிருந்து பிழிந்ததன்று. இரசாயனச் சாலையில் காய்ச்சியதும் அன்று. அது குதிரையின் இரத்தத்திலிருந்து கிடைப்பது. பாம்பின் நஞ்சைச் சிறுகச் சிறுக ஏற்றுப் பழகிய குதிரை, தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டுத் தன் உடலிலேயே ஒரு பொருளைப் படைத்துக்கொள்கிறது. அப்பொருளைப் பிரித்தெடுத்து மனிதன் உடலிற் செலுத்தினால் அவனையும் அது காக்கிறது. இதனை மேனாட்டார் ஆன்டிபாடி என்பர். தமிழில் எதிர்ப்பொருள் என்கிறோம். இந்த எதிர்ப்பொருள் இன்னதென்று மனிதன் அறிந்துகொண்ட வரலாறு சுவையானது. வெளி மாநிலங்களில் வாழும் நம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்றும் அதில் அடங்கியிருக்கிறது.

ஒரு முறை பெரியம்மை வார்த்துப் பிழைத்தவனுக்கு மறு முறை அது வருவதில்லை என்பதைப் பண்டைக் காலத்திலேயே மக்கள் அறிந்திருந்தனர். நம் நாட்டிலும் பிற கீழ்நாடுகளிலும் அம்மைச் சீழைக் கீறலில் தடவி, மெல்லிய நோயை வலிய வருவித்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. 1796ஆம் ஆண்டில் எட்வர்டு ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர், பசுவம்மையைக் கொண்டு அதே காப்பினை ஆபத்துக் குறைந்த முறையில் அளிக்கலாம் என்று காட்டினார். 1885ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் வெறிநாய்க் கடிக்கு ஊசி போட்டார். எனினும், ஊசி பெற்ற உடலுக்குள் நிகழ்வது என்ன? காப்பு எங்கே குடியிருக்கிறது? தசையிலா, இரத்தத்திலா, வேறெங்கேனுமா? இக்கேள்விகளுக்கு அந்நாளில் எவரும் விடை கூற இயலவில்லை.

1887ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹென்றி சூவல் என்பவர் ஒரு சோதனை செய்தார். புறாக்களுக்குக் கிலுகிலுப்பைப் பாம்பின் நஞ்சைக் கொல்லாத அளவிற் கொடுத்து, நாளடைவில் அளவைக் கூட்டிக்கொண்டே வந்தார். முன்பு உயிரைப் போக்கியிருக்கக்கூடிய அளவை அப்புறாக்கள் பின்னர் எளிதில் தாங்கின. நஞ்சுக்கும் உடல் பழகும் என்பது தெரிந்தது. ஆனால் பழகியது எது என்பது மட்டும் தெரியவில்லை.

விடை பெர்லின் நகரில் கிடைத்தது. அங்கே இராபர்ட் கோக் என்னும் பேரறிஞரின் ஆராய்ச்சிக்கூடத்தில் இருவர் பணியாற்றிவந்தனர். ஒருவர் ஜெர்மானியரான எமில் பேரிங்; மற்றவர் ஜப்பானிலிருந்து கற்க வந்த கிட்டசாட்டோ ஷிபசாபுரோ. ரண ஜன்னிக் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டிய பெருமை 1889ஆம் ஆண்டிலேயே கிட்டசாட்டோவுக்குக் கிட்டியிருந்தது. அக்கிருமி உடலெங்கும் பரவுவதில்லை. புண்ணில் இருந்தபடியே ஒரு நஞ்சைச் சுரக்கிறது. அந்நஞ்சே உயிரைக் குடிக்கிறது. இருவரும் முயலொன்றை ரண ஜன்னிக்குப் பழக்கினர். பின்னர் அம்முயலின் இரத்தத்தை எடுத்து, உறையவிட்டு, மேலே தெளிந்து நின்ற நீரைச் சுண்டெலிகளுக்கு ஊசியாற் செலுத்தினர். இரத்தத் தெளிநீராகிய இதனையே சீரம் என்பர். அடுத்து அந்த எலிகளுக்கு ரண ஜன்னிக் கிருமியையே கொடுத்தனர். சீரம் பெற்ற எலிகள் பிழைத்தன, பெறாதவை மாண்டன. சீரத்தையும் நஞ்சையும் கண்ணாடிக் குழாயிற் கலந்து வைத்தபோதும் நஞ்சு வலிமை இழந்தது.

1890ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இம்முடிவு வெளியிடப்பட்டது. காப்பு இரத்தத்தின் தெளிநீரில் கரைந்து நிற்கிறது; அதனை ஓர் உயிரிடமிருந்து எடுத்து மற்றோர் உயிருக்குக் கொடுக்க முடியும். மருத்துவ உலகில் அதுவரை எவரும் எண்ணாத வழி இது. பேரிங் தொண்டை அடைப்பான் நோய்க்கும் இம்முறை பொருந்தும் என்று காட்டினார். மருத்துவத்துக்கான முதல் நோபெல் பரிசு 1901ஆம் ஆண்டில் அவருக்கு அளிக்கப்பட்டது. கிட்டசாட்டோ அப்பரிசிற் பங்கு பெறவில்லை.

இனித்தான் நம் குன்றிமணி மேடையேறுகிறது. சிவந்த மேனியும் கறுத்த முகமும் உடைய அவ்வித்தினை நம் பொற்கொல்லர்கள் பொன் நிறுக்கும் எடையாகக் கொண்டிருந்தனர். பார்ப்பதற்கு அழகிய அதனுள்ளே அப்ரின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. அதைப் போலவே ஆமணக்கு விதையினுள் ரிசின் என்னும் நஞ்சு உண்டு. பெர்லினில் பால் எர்லிக் என்ற விஞ்ஞானி, நோய்க் கிருமிகளின் நஞ்சைவிடக் கையாள எளியவை என்று கருதி இவ்விரு வித்துக்களின் நஞ்சுகளையும் எடுத்துக்கொண்டார். சுண்டெலிகளுக்கு உணவோடு ரிசினை மிகச் சிறிதாகக் கலந்து கொடுத்துப் பழக்கினார். சில வாரங்களில், எந்த எலியையும் கொல்லத்தக்க அளவை அவை பொறுத்துக்கொண்டன. பிறகு அந்த எலிகளுக்கே குன்றிமணியின் நஞ்சைக் கொடுத்தார். பழக்கமில்லாத எலிகளைப் போலவே அவையும் மாண்டன. குன்றிமணிக்குப் பழகிய எலிகளோ ஆமணக்கு நஞ்சுக்கு இரையாயின.

இச்சிறு சோதனையில் ஒரு பேருண்மை வெளிப்பட்டது. எந்த நஞ்சு எதிர்ப்பொருளை எழுப்பியதோ அந்த நஞ்சை மட்டுமே அது பற்றும். அடுத்த வீட்டு நஞ்சை ஏறிட்டும் பாராது. ஒரு பூட்டின் சாவி மற்றொரு பூட்டைத் திறவாதது போன்றது இது. எதிர்ப்பொருள் என்று பொருள்படும் ஜெர்மானியச் சொல்லும் 1891ஆம் ஆண்டில் எர்லிக் எழுதிய கட்டுரையிலேயே முதன்முதலாகத் தோன்றியது. குன்றிமணியிற் கண்ட இந்த உண்மையை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகிறேன். நம் வரலாற்றின் முடிவுவரை அது நம்மோடு வரும்.

மறு ஆண்டில் எர்லிக் இன்னொன்றையும் கண்டார். நஞ்சுக்குப் பழகிய தாய் எலியின் குட்டிகளும் நஞ்சைத் தாங்கின. குட்டிகளை மாற்றி விட்டுப் பார்த்தார். பழகாத தாய் ஈன்ற குட்டி, பழகிய தாயிடம் பால் குடித்தால் அதற்கும் காப்பு வந்தது. தாய் தன் பாலோடு தான் ஈட்டிய எதிர்ப்பொருளையும் ஊட்டுகிறாள் என்பது இதனால் விளங்கிற்று. மனிதக் குழந்தைக்குக் கருவில் இருக்கும்போதே தாயின் இரத்தத்திலிருந்து ஒரு பங்கு வந்துவிடுகிறது. பிறந்தபின் சீம்பால் வழியாக மற்றொரு பங்கு கிடைக்கிறது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. குழந்தையின் முதற்சொத்தை அதன் கைக்கு எட்டுமுன் பறிப்பதற்கு அது ஒப்பாகும்.

தொண்டை அடைப்பானால் குழந்தைகள் மூச்சடைத்து மாண்டுகொண்டிருந்த காலம் அது. முயலிலும் கினிப் பன்றியிலும் கிடைக்கும் சீரம் ஒரு குழந்தைக்குக்கூடப் போதாது. பாரிஸ் நகரில் எமில் ரூ என்பவர் குதிரையைத் தேர்ந்தெடுத்தார். குதிரை பெரிய விலங்கு, சாதுவானது, மிகுதியான இரத்தத்தைத் தந்தும் தளராதது. அவர் குதிரைச் சீரத்தைக் குழந்தைகள் மருத்துவமனையிற் கையாண்ட பின், அங்கே அந்நோயால் இறப்போர் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 1894ஆம் ஆண்டில் புடாபெஸ்ட் மாநாட்டில் அவர் இச்செய்தியை வெளியிட்டார். ஒரு குப்பியிலுள்ள சீரத்தின் வலிமையை அளந்து, எல்லாக் குப்பிகளையும் ஒரே தரத்தில் அமைக்கும் முறையை 1897ஆம் ஆண்டில் எர்லிக் வகுத்தார். அதன் பின்னரே மருத்துவர் எவ்வளவு கொடுப்பது என்பதைத் துணிந்து கூற முடிந்தது.

நோயின் நஞ்சை வெல்லும் சீரம் பாம்பின் நஞ்சையும் வெல்லாதோ என்னும் எண்ணம் இயல்பாகவே எழுந்தது. 1891ஆம் ஆண்டில், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த வியட்நாமின் சைகோன் நகரில் ஆல்பெர்ட் கால்மெட் என்ற மருத்துவர் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றை நிறுவினார். அப்பகுதியில் வெள்ளம் பெருகியபோது நாகப் பாம்புகள் ஓர் ஊருக்குள் புகுந்து பலரைக் கடித்தன; சிலர் மாண்டனர். பிடிபட்ட நாகங்கள் கால்மெட்டிடம் வந்து சேர்ந்தன. அவற்றின் நஞ்சைக் கொண்டு அவர் தொடங்கிய ஆராய்ச்சி பாரிஸில் நிறைவேறியது. 1894ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவரும், பிசாலி, பெர்த்ரான் என்னும் இருவரும், ஒருவரையொருவர் சாராமலே, பாம்பு நஞ்சை முறிக்கும் சீரத்தைப் பற்றி அறிவித்தனர். பின்னர் கால்மெட் லீல் நகரிற் குதிரைகளை வைத்து அம்மருந்தைப் பெருமளவில் ஆக்கினார். அது கடல் கடந்து இந்தியாவுக்கும் வந்தது.

எல்லாப் பாம்பின் நஞ்சுக்கும் தம் மருந்து ஒன்றே போதும் என்று கால்மெட் கருதினார். ஆனால் அவர் குதிரைகளுக்கு ஏற்றிய நஞ்சிற் பெரும்பகுதி நாகப் பாம்பினுடையது. இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த ஜார்ஜ் லாம்ப் என்பவர், 1900ஆம் ஆண்டையடுத்த சில ஆண்டுகளில், இங்குள்ள பாம்புகளின் நஞ்சைக் கொண்டு அதனைச் சோதித்தார். நாகத்தின் நஞ்சை அச்சீரம் முறித்தது. கண்ணாடி விரியனின் நஞ்சின் முன் அது செயலற்று நின்றது. குன்றிமணிக்குப் பழகிய எலி ஆமணக்கால் மாண்டதன் காரணமும் இதுவே அன்றோ? நாகத்தின் நஞ்சு நரம்பும் தசையும் கூடும் இடத்தைத் தாக்கி மூச்சை நிறுத்துவது. விரியனின் நஞ்சு இரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுத்து உடலெங்கும் கசியச் செய்வது. இரண்டும் வெவ்வேறு பூட்டுக்கள்.

ஆகவே, இந்தியாவுக்கு இந்தியப் பாம்புகளின் நஞ்சினால் ஆக்கிய மருந்தே வேண்டும் என்பது தெளிவாயிற்று. இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் 1905ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்திய ஆராய்ச்சி நிலையமும், பம்பாயில் பிளேக் ஆராய்ச்சிக்கென 1899ஆம் ஆண்டில் பரேல் மாளிகையில் அமைந்து 1925ஆம் ஆண்டில் ஹாப்கின் நிலையம் எனப் பெயர் பெற்ற கூடமும் இப்பணியில் ஈடுபட்டன. காலப்போக்கில் நால்வகைப் பாம்புகளின் நஞ்சையும் ஒரே குதிரைக்கூட்டத்துக்கு ஏற்றி, நான்கையும் முறிக்கும் ஒரே மருந்தை ஆக்கினர். அந்நான்கும் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்பன.

மருந்து பயன்பட்டது, ஆயினும் எதிர்ப்பொருளின் உருவம் நெடுங்காலம் எவர் கண்ணுக்கும் புலப்படவில்லை. 1939ஆம் ஆண்டில் டிசெலியஸ், கேபட் என்னும் இருவர் முயலின் சீரத்தில் மின்சாரத்தைச் செலுத்தி அதிலுள்ள புரதங்களைப் பிரித்தனர். எதிர்ப்பொருளை நீக்கிய சீரத்தில் காமா குளோபுலின் என்னும் ஒரு பகுதி மட்டும் சுருங்கிக் காணப்பட்டது. எதிர்ப்பொருள் ஒரு புரதமே என்பது இவ்வாறு உறுதிப்பட்டது. இலண்டனில் ராட்னி போர்ட்டர் பப்பாளிப் பாலிலிருந்து கிடைக்கும் பப்பெயின் என்னும் நொதியால் அப்புரதத்தைத் துண்டாக்கினார். நம் வீட்டுப் பெண்டிர் கடினமான இறைச்சியை மெதுவாக்கப் பப்பாளிக்காயைச் சேர்ப்பதும் இந்நொதியின் பொருட்டே. நியூயார்க்கில் ஜெரால்டு எடல்மன், அப்புரதம் பல சங்கிலிகள் இணைந்தது என்று காட்டினார். 1972ஆம் ஆண்டில் இருவரும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அவர்கள் கண்ட உருவம் நம் சிறுவர்களின் கவண் கட்டையை ஒத்தது. கீழே ஒரு பிடி. மேலே இரு கிளைகள். கிளைகளின் நுனிகளே நஞ்சையோ கிருமியையோ பற்றுகின்றன. பிடிப்பகுதி ஏறக்குறைய ஒரே மாதிரியானது. நுனிகளோ எண்ணிலடங்கா வடிவங்கள் கொண்டவை. பாம்பின் நஞ்சிலுள்ள புரதத்தை நுனி பற்றிக்கொண்டால், அந்நஞ்சு நரம்பையோ இரத்தத்தையோ தீண்ட இயலாது. கைவிலங்கு பூண்ட கள்வனைப் போல ஆகிவிடும்.

இத்தனை வகை நுனிகள் எங்கிருந்து வந்தன? பகைப்பொருள் வந்தபின் அதன் அச்சைப் பார்த்து உடல் புதிதாக வார்க்கிறது என்று முதலில் எண்ணினர். 1957ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அறிஞர் பிராங்க் மக்பர்லேன் பர்னெட் வேறு விளக்கம் தந்தார். உடலில் எண்ணற்ற வெள்ளணுக்கள் முன்கூட்டியே இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே வகைச் சாவியை வைத்திருக்கிறது. பகைவன் வரும்போது எவன் சாவி பொருந்துகிறதோ அவன் மட்டுமே பெருகிப் படையாகிறான் என்றார். அதுவே உண்மையென்று பின்னர் நிலைபெற்றது. சில மரபுத் துண்டுகளைச் சீட்டுக் கட்டைப் போலக் கலைத்துச் சேர்ப்பதால் இவ்வளவு வகைகள் உண்டாகின்றன என்பதை 1976ஆம் ஆண்டில் சுசுமு டொனெகாவா என்னும் ஜப்பானிய விஞ்ஞானி காட்டினார். அவருக்கு 1987ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது.

பொருந்திய அணு பெருகிப் படையாவதற்குப் பல நாள் செல்லும். படை கலைந்த பின்னும் சில அணுக்கள் நெடுநாள் தங்கி, பகைவனை நினைவில் வைத்திருக்கும். தடுப்பூசி என்பது இந்நினைவை நோயில்லாமலே உண்டாக்கும் வழி. அது நாமே உழைத்து ஈட்டிய செல்வம், நீண்டகாலம் நிற்கும். குதிரைச் சீரமோ கடன் வாங்கிய பொருள். உடனே கைக்கு வரும், சில வாரங்களிற் செலவாகிவிடும். வெறிநாய் கடித்தவர்க்குக் கடிவாய் ஆழமானால் இரண்டையும் கொடுப்பதன் காரணம் இதுதான். புண்ணைச் சுற்றிச் செலுத்தும் எதிர்ப்பொருள் முதற்சில நாட்களைக் காக்கிறது. தடுப்பூசியால் உடல் தானே படைப்பது பின்னாட்களைக் காக்கிறது. பாம்பு நஞ்சோ சில மணி நேரத்திற் கொல்லவல்லது. உடல் தானே படை திரட்டும்வரை அது பொறுத்திராது. ஆகவே அங்கே கடனே கதி.

இக்கடனுக்கு வட்டியும் உண்டு. குதிரையின் புரதம் மனித உடலுக்கு அயலானது. சிலருக்கு ஊசி போட்ட சில நிமிடங்களிலேயே தடிப்பும் மூச்சுத் திணறலும் தோன்றும். சிலருக்கு ஒரு வாரத்துக்குப் பின் காய்ச்சலும் மூட்டு வலியும் வரும். பிந்தியதை 1905ஆம் ஆண்டில் பிர்க்கே, ஷிக் என்னும் இருவர் ஆராய்ந்து சீர நோய் எனப் பெயரிட்டனர். இதனைக் குறைக்கவே, இக்காலத்தில் பெப்சின் என்னும் நொதியால் எதிர்ப்பொருளின் பிடிப்பகுதியை அறுத்து நீக்கிக் கிளைகளை மட்டும் மருந்தாக்குகின்றனர். அவ்வாறாயினும், ஒவ்வாமை தோன்றினால் உடனே மாற்று மருந்து கொடுக்கத்தக்க மருத்துவமனையிலேயே இவ்வூசியைப் போட வேண்டும்.

இம்மருந்துக்கு வேண்டிய நஞ்சு எங்கிருந்து கிடைக்கிறது? தமிழ்நாட்டிலிருந்து என்றால் வெளியூர் நேயர்கள் வியப்படையக்கூடும். இந்தியாவில் விஷமுறிவு மருந்துக்குப் பயன்படும் நஞ்சின் பெரும்பகுதியைச் சென்னைக்குத் தெற்கே கடற்கரைச் சாலையிலுள்ள வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அளித்துவருகிறது. இருளர் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தடம் பார்த்துப் பாம்பு பிடிப்பதில் வல்லவர். முன்னாளில் பாம்புத் தோல் வாணிகத்தில் ஈடுபட்டிருந்த அவர்கள், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் பிழைப்பிழந்தனர். 1978ஆம் ஆண்டில் ராமுலஸ் விட்டேக்கர் முதலியோர் துணையுடன் அச்சங்கம் தோன்றிற்று. பாம்பைப் பிடித்து, மண் பானையிற் சில வாரங்கள் வைத்து, சிலமுறை நஞ்சை எடுத்து, பின் காட்டிலேயே விட்டுவிடுவர். எடுத்த நஞ்சு உலர்த்தப்பெற்று மராட்டியத்திலும் தெலங்கானாவிலும் உள்ள மருந்துக்கூடங்களுக்குச் செல்கிறது. அங்கே குதிரைகள் காத்திருக்கின்றன. 2023ஆம் ஆண்டில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவருக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்துச் சிறப்பித்தது.

இங்கேதான் நான் முன்னே வேண்டிக்கொண்ட குன்றிமணிப் பாடம் திரும்பி வருகிறது. செங்கற்பட்டுச் சீமையின் பாம்புகளிலிருந்து எடுத்த நஞ்சினாற் பிறந்த எதிர்ப்பொருள், இராஜஸ்தானத்துப் பாலைவனப் பாம்பின் நஞ்சை எவ்வளவு பற்றும்? அஸ்ஸாமின் ஈர நிலத்துப் பாம்பின் நஞ்சை எவ்வளவு பற்றும்? பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் 2019ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட ஆய்வுகள் இதற்கு விடை கூறுகின்றன. ஒரே இனப் பாம்பானாலும் அதன் நஞ்சு வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடுகிறது. மேற்கிந்தியாவின் சிந்துக் கட்டுவிரியன், வடகிழக்கின் ஒற்றைவட்ட நாகம் போன்றவை நால்வர் பட்டியலிலேயே இல்லை. அவற்றின் நஞ்சை இன்றைய மருந்து நன்கு முறிப்பதில்லை. மருந்து அதே மருந்துதான், மாறியது பூட்டு.

இக்குறை நீங்க வழிகள் தேடப்படுகின்றன. அந்தந்த வட்டாரத்துப் பாம்பின் நஞ்சைக் கொண்டு அங்கங்கே மருந்து ஆக்க வேண்டும் என்பது ஒரு வழி. குதிரையே இல்லாமல், மனித எதிர்ப்பொருளைச் சோதனைக்கூடத்தில் ஆக்குவது மற்றொரு வழி. நாகம், கட்டுவிரியன் முதலிய பல பாம்புகளின் நரம்பு நஞ்சிலுள்ள பொதுவான பகுதியைப் பற்றவல்ல அத்தகைய எதிர்ப்பொருளொன்றைப் பெங்களூர்க் கழகத்தாரும் அமெரிக்க, ஆங்கிலக் கூட்டாளிகளும் உருவாக்கி, 2024ஆம் ஆண்டில் சுண்டெலிச் சோதனையின் வெற்றியை வெளியிட்டனர். அதே ஆண்டில் இந்திய அரசு, 2030ஆம் ஆண்டுக்குள் பாம்புக் கடி இறப்பைப் பாதியாகக் குறைக்கும் செயல் திட்டத்தை அறிவித்தது.

இவற்றைக் கேட்டு, மருந்து பலிக்காது போலும் என்று எவரும் எண்ணி மந்திரவாதியை நாடிவிடலாகாது. நால்வகைப் பாம்புக்கும் இன்றுள்ள மெய்யான மருந்து இதுவே. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. வட்டாரத்தால் பூட்டு சற்று மாறும் இடத்தில் அளவும் நேரமும் மேலும் இன்றியமையாதவையாகின்றன. ஓடும் இரத்தத்திலுள்ள நஞ்சையே எதிர்ப்பொருள் பற்ற முடியும். நரம்பு நுனியைச் சிதைத்துவிட்ட நஞ்சை அது மீட்டு எடுக்காது. ஆகவே கடியுண்டவர் செய்ய வேண்டுவன சிலவே. கடிவாயைக் கீற வேண்டாம்; உறிஞ்ச வேண்டாம்; இறுகக் கட்டவும் வேண்டாம். மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றிவிட்டு, எலும்பு முறிந்த கையையோ காலையோ அசையாமல் வைப்பது போலக் கடியுண்ட உறுப்பை வைத்து, விரைந்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பாம்பைத் தேடிக் காலத்தை வீணாக்க வேண்டாம். மருத்துவர் சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து, அது உறைகிறதா என்று பார்த்தே விரியனின் நஞ்சேறியதை அறிந்துகொள்வார்.

கட்டடப் பணியிலும் செங்கற் சூளையிலும் தொழில் செய்து இரவில் தரையில் உறங்கும் நம்மவர்க்கு ஒரு சொல். கட்டுவிரியன் இரவில் உலவுவது. அதன் கடி வலிப்பதில்லை. தழும்பும் புலப்படாமற் போகலாம். விடியற்காலையில் காரணமில்லாத வயிற்று வலியும், இமை தூக்க முடியாமையும், விழுங்குவதிற் கடினமும் தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கட்டிலும், பாயின் கீழ் நன்கு செருகிய கொசுவலையும் பெருங்காப்பு. அந்தந்த நாட்டு மொழியில் பாம்பின் பெயரை அறிந்து வைப்பதும் மருத்துவரிடம் பேச உதவும். மராட்டியத்தில் கண்ணாடி விரியனைக் கோணஸ் என்றும், சுருட்டையைப் புர்சே என்றும், கட்டுவிரியனை மண்யார் என்றும் சொல்வர். வங்காளத்தில் கண்ணாடி விரியன் சந்திரபோடா, கட்டுவிரியன் காலாச்.

பெர்லின் முயலிலும் குன்றிமணி தின்ற எலியிலும் தொடங்கிய அறிவு, சைகோன் வெள்ளத்தையும் கசௌலி மலையையும் கடந்து, வடநெம்மேலிப் பானையிலிருந்து இன்று நாடெங்கும் குப்பிகளாகச் செல்கிறது. இன்னும் அது எல்லாப் பூட்டுக்களையும் திறக்கவில்லை. திறப்பதற்கான ஆராய்ச்சி நடைபெற்றுக்கொண்டிருக்கிறது. அதுவரை, கையிலுள்ள சாவியைக் காலத்தோடு பயன்படுத்துவது நம் கடமை. நேயர்கள் தத்தம் ஊரில் இம்மருந்து உள்ள அரசு மருத்துவமனை எது, அங்குச் செல்லும் வழி எது என்பதை இன்றே கேட்டறிந்து, உடனிருப்போர்க்கும் சொல்லி வைப்பார்களாக.